பிள்ளையின் பைசிக்கிளைப் பார்த்தீர்களா?



2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பெட்ரோல் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டபோது, மூலையில் கிடந்த பழைய பைசிக்கிள்கள் மீண்டும் வீதிக்கு வந்தன. புதியவற்றின் விலையோ கைக்கு எட்டாமல் போனது. அன்று தூசி தட்டி எடுத்த பைசிக்கிளில் இன்றும் பிள்ளை மத்ரஸாவுக்குப் போகிறதா? அப்படியானால் இது உங்களுக்குத்தான்.

செயினுக்கு எண்ணெய் விடுகிறோம். டயருக்குக் காற்று அடிக்கிறோம். பிரேமை யாரும் பார்ப்பதில்லை. பனி பெய்யும் நாடுகளில், வீதியில் தூவும் உப்பு இரும்பைத் தின்கிறது. நமது கண்டியில் அந்த வேலையை மழை செய்கிறது. சீட் கம்பி வழியாக இறங்கும் தண்ணீர், பெடல் அச்சு இருக்கும் கூட்டில் தேங்கிவிடும். வெளியே பெயின்ட் பளபளக்கும். உள்ளே துரு பிடிக்கும்.

பைசிக்கிளை வெயிலில் வைத்துத் துடையுங்கள். ஹேண்டிலுக்குக் கீழும், சீட்டுக்குக் கீழும், பெடல் அச்சைச் சுற்றியும் குழாய்கள் சேரும் இடங்களைப் பாருங்கள். பெயின்ட் பொங்கியிருக்கிறதா? மயிரிழை போல் பழுப்புக் கோடு தெரிகிறதா? அது வெடிப்பாக இருக்கலாம். அதன்மேல் பெயின்ட் பூசி மறைக்காதீர்கள்.

இரும்புப் பிரேமைப் பெரும்பாலும் திருத்தலாம். காஸ் வெல்டிங் தெரிந்த பாஸிடம் கொடுத்து, பித்தளை வைத்து ஒட்டச் சொல்லுங்கள். பித்தளை ஏறத்தாழ 900 பாகையில் உருகும். இரும்புக்கு 1,500 பாகை வேண்டும். எனவே மெல்லிய குழாய் கருகி ஓட்டையாகாது. ஒட்டுமுன் பெயின்டும் துருவும் சுரண்டப்பட்டு இரும்பு பளிச்சென்று தெரிய வேண்டும். சூட்டோடு தண்ணீர் ஊற்றக் கூடாது, தானாக ஆறவேண்டும். பிறகு துருத்தடுப்புப் பூச்சும் பெயின்டும் அடியுங்கள்.

ஆனால் முன் போக் வெடித்திருந்தால் ஒட்டவே வேண்டாம், மாற்றுங்கள். அது முறிந்தால் பிள்ளை முகங்குப்புற விழும். துரு தின்று மெலிந்த குழாயிலும் ஒட்டு நிற்காது. அதைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடுங்கள். குறையை மறைத்து இன்னொருவர் பிள்ளைக்கு விற்பது மார்க்கத்தில் ஆகாது.

மழையில் நனைந்து வந்தால் சீட்டைக் கழற்றி, பைசிக்கிளைத் தலைகீழாக வைத்து நீரை வடியவிடுங்கள். சீட் கம்பிக்குக் கிறீஸ் பூசுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி திர்மிதியில் உண்டு. அக்குறணை, மடவளைப் பக்கத்து இறக்கங்களில் பிள்ளை இறங்கும்போது நாம் துஆச் செய்கிறோம். அதற்கு முன் பிரேமையும் ஒருமுறை பார்த்துவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.