வெளியேற்றுங்கள், எழுதியதை அழிக்காதீர்கள்

நீண்ட ஆன்லைன் விண்ணப்பத்தை நிரப்பி சப்மிட் அழுத்தியதும், செஷன் முடிந்துவிட்டது, மறுபடி லாகின் செய்யுங்கள் என்று வந்து நிற்கும். அடித்ததெல்லாம் போயிருக்கும். பாதுகாப்புக்காகத்தான் என்பார்கள். அதில் பாதிதான் உண்மை. வலைத்தளத்தின் சர்வருக்கு இயல்பாக ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புதிதுதான். இந்தக் குறையைத் தீர்க்க 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மான்டுல்லி உருவாக்கியதுதான் குக்கீ. லாகின் ஆனதும் சர்வர் கொடுக்கும் ஓர் அடையாள எண்ணை பிரவுசர் அதில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் காட்டுகிறது. அதன்பின் பாஸ்வேர்டு தேவையில்லை. எண் யாரிடம் இருக்கிறதோ அவரே கணக்குக்காரர். அந்த எண் செல்லுபடியாகும் காலம்தான் செஷன். 2010இல் எரிக் பட்லர் வெளியிட்ட ஃபயர்ஷீப் என்ற மென்பொருள், பொது வைஃபையில் பக்கத்தில் இருப்பவரின் குக்கீயைப் பிடித்து அவர் கணக்கில் நுழைவது எவ்வளவு எளிது என்று காட்டியது. குறியாக்கம் பரவியபின் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டது. ஆனால் பிரவுசிங் சென்டரில் லாக் அவுட் செய்யாமல் எழுந்து போனவரின் கணக்கைக் காப்பது காலக்கெடு மட்டுமே. ஆகவே செஷன் முடியத்தான் வேண்டும்.

சிக்கல் கெடுவை எண்ணும் முறையில் இருக்கிறது. கடைசிக் கோரிக்கை வந்த நொடியிலிருந்து சர்வர் எண்ணத் தொடங்குகிறது. பெட்டிக்குள் நீங்கள் அடிக்கும் எழுத்து அதற்குத் தெரியாது. அரை மணி நேரம் மும்முரமாக எழுதுபவரும் அதன் கணக்கில் சும்மா இருப்பவர்தான். வலைத்தளங்களை எழுத உதவும் பிஎச்பி மொழியின் இயல்பு அமைப்பில் இந்தக் கெடு 1440 விநாடி, அதாவது 24 நிமிடம். மெதுவாகத் தட்டச்சு செய்யும் முதியவருக்கும், திரைவாசிப்பானை நம்பியிருக்கும் பார்வையற்றவருக்கும் இது போதாது. கெடு முடியுமுன் எச்சரித்து, எளிய ஒரு செயலால் நீட்டிக்கக் குறைந்தது 20 விநாடி தரவேண்டும் என்பது சர்வதேச வலை அணுகல் நெறிகள் ஏற்கும் வழிகளில் ஒன்று. இதைப் பல தளங்கள் செய்வதில்லை.

நீட்டிக்க விட்டால் கணினி முன் வந்து உட்காரும் அந்நியரும் நீட்டிப்பாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குத்தான், எத்தனை முறை நீட்டித்தாலும் தாண்ட முடியாத மொத்த வரம்பு ஒன்றும் வைக்கப்படுகிறது. செஷன் முடிந்தாலும் அழியாதபடி எழுதியதைச் சேமித்தால் அடுத்தவர் கண்ணில் படாதா என்பது இன்னொரு ஆட்சேபம். பொதுக் கணினியின் பிரவுசரில் சேமித்தால் படும். வரைவை அவ்வப்போது சர்வருக்கு அனுப்பி, கணக்கோடு இணைத்து வைத்தால் படாது. செஷன் முடிந்ததும் திரையைத் துடைத்துவிடலாம். அதே கணக்கில் மறுபடி லாகின் செய்பவருக்கு மட்டும் படிவம் விட்ட இடத்திலிருந்து திறக்கும்.