மடிநோய்க் கிருமிகளை இனங்காணல்

கறவைப் பசுவின் மடி ஒருபுறமாக வீங்கிச் சிவந்து, தொட்டால் சுடுவதையும், பீய்ச்சும் பாலில் திரிந்த துணுக்குகள் விழுவதையும் நீங்கள் கண்டிருக்கலாம். இதுவே மடிநோய். மடி பார்வைக்கு ஒன்றாகத் தோன்றினாலும் உள்ளே நான்கு தனித்தனிப் பகுதிகளாக அமைந்துள்ளது. ஒரு பகுதியின் பால் மற்றொன்றுக்குச் செல்லாது. அதனால்தான் ஒரு காம்பில் நோய் கண்டும் மற்ற மூன்றில் நல்ல பால் சுரப்பதுண்டு.

நோயின் பெயர் ஒன்று. அதை உண்டாக்கும் நுண்ணுயிர்களோ நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள். அவற்றுள் பெரும்பாலானவை பாக்டீரியாக்கள். வீங்கிய மடியைப் பார்த்த அளவில், இது இன்ன கிருமியின் வேலை என்று எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. அது தெரியாமல் இடும் மருந்து வீணாகலாம். ஆகவே பாக்டீரியாக்களை வகைப்படுத்துவது இங்கு வெறும் ஏட்டுப் படிப்பு அன்று.

முதலாவது பிரிவினை சாயத்தால் செய்யப்படுவது. டென்மார்க் நாட்டு மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884இல் இம்முறையை வெளியிட்டார். (எடையைக் குறிக்கும் கிராமுக்கும் இவருக்கும் தொடர்பில்லை, மாணவர் பலர் இங்கே மயங்குவர்.) கண்ணாடித் தகட்டில் பூசிய கிருமிகள்மீது ஊதாச் சாயமும், பின் அயோடின் கரைசலும் ஊற்றி, ஆல்கஹாலால் கழுவ வேண்டும். சில பாக்டீரியாக்கள் ஊதாவை விடாமல் பற்றிக்கொள்ளும். இவை கிராம் பாசிட்டிவ். நிறத்தை இழந்து, அடுத்து இடும் சிவப்புச் சாயத்தை ஏற்பவை கிராம் நெகட்டிவ்.

காரணம் செல்சுவரில் உள்ளது. முன்னவற்றின் சுவர் தடித்தது. பின்னவற்றின் சுவர் மெல்லியது; ஆனால் அதற்கு வெளியே கொழுப்பு கலந்த ஒரு படலம் போர்த்தியிருக்கும். பெனிசிலின் செல்சுவர் கட்டப்படுவதைத் தடுக்கும் மருந்து. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற கிராம் பாசிட்டிவ் கிருமிகளிடம் அது நன்கு வேலை செய்யும். சாணத்தில் வாழும் எஷரிச்சியா கோலையிடம் அந்த வெளிப் படலம் குறுக்கே நிற்கிறது. மைக்கோபிளாஸ்மா என்னும் கிருமிக்கோ சுவரே கிடையாது. இல்லாத சுவரை எந்த மருந்து இடிக்கும்? ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிராம் பாசிட்டிவ்தான். ஆயினும் அதன் வகைகள் பல, பெனிசிலினைச் சிதைக்கும் நொதியைத் தாமே சுரக்கின்றன. எனவே சாயம் வழிகாட்டுமே தவிர முடிவு சொல்லாது.

அடுத்தது வடிவம். மணி கோத்தாற்போல் சங்கிலியாக இருப்பவை ஸ்ட்ரெப்டோகாக்கஸ்; திராட்சைக் குலைபோல் குவிந்திருப்பவை ஸ்டாஃபைலோகாக்கஸ். மடிநோய்ப் பாலில் இச்சங்கிலிக் கிருமியை 1887இல் பிரான்சில் நோக்காரும் மொல்லரோவும் விவரித்தனர். அதற்குப் பின்னர் இடப்பட்ட பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே. ‘பாலின்மை’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. பொருத்தமான பெயர்தான்; இக்கிருமி பாலை வற்றச் செய்துவிடும்.

சங்கிலிகள் எல்லாம் ஒரே இனமா? 1933இல் அமெரிக்க அறிவியலார் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டு, சுவரிலுள்ள மாவுப்பொருளின் வேற்றுமையைக் கொண்டு இவற்றைப் பிரித்தார். மனிதரிடம் நோய் விளைத்தவை பெரும்பாலும் ‘ஏ’ பிரிவில் சேர்ந்தன. பசுவின் மடியிலிருந்தும் பாலிலிருந்தும் வந்தவை ‘பி’ பிரிவில் சேர்ந்தன. நம் அகலாக்டியே இந்தப் ‘பி’தான். பிறந்த குழந்தைகளுக்குக் கடும் நோய் தருவதாகப் பிற்காலத்தில் அறியப்பட்டதும் இதே இனமே.

இவை யாவும் ஆய்வகத்தின் வகைப்பாடு. தொழுவத்துக்கு வேறொரு வகைப்பாடு வேண்டும்: கிருமி எங்கே வாழ்கிறது?

அகலாக்டியே பெரும்பாலும் மடிக்குள்ளேயே வாழ்வது. கறப்பவர் கை, துடைக்கும் துணி, கறவை இயந்திரத்தின் குவளை ஆகியவற்றின் வழியே ஒரு பசுவிடமிருந்து மறு பசுவுக்குச் செல்கிறது. நோயுற்ற பசுவைக் கண்டுபிடித்து மருந்திட்டு, அதனைக் கடைசியாகக் கறந்து, கறந்தபின் காம்புகளை அயோடின் கரைசலில் நனைத்துவந்தால், ஒரு மந்தையிலிருந்தே இக்கிருமியை ஒழித்துவிடலாம். பல பண்ணைகளில் ஒழித்தும் இருக்கிறார்கள். எஷரிச்சியா கோலையை அவ்வாறு ஒழிக்க இயலாது. சாணம் உள்ளவரை அதுவும் இருக்கும். படுக்குமிடம் உலர்ந்திருப்பதே, அதிலும் கன்று ஈன்ற நாட்களில், இங்கே முதல் காப்பு.

இனி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் யூபரிஸ் என்பதைப் பாருங்கள். சங்கிலி வடிவம், ஊதா நிறம், ஒரே பேரினம். அகலாக்டியேவின் உடன்பிறப்பு எனலாம். ஆனால் அது வைக்கோற் படுக்கையிலும் பசுவின் தோலிலும் குடலிலும் வாழ்வது. தொழுவத்துக் கணக்கில் அதன் உறவு பெரும்பாலும் கோலையுடன்தான். இரத்த உறவு ஒரு பக்கம், வாழும் முறை மறு பக்கம்!

பெயர்களும் நிலையாக இருப்பதில்லை. கோரினிபாக்டீரியம் பயோஜீன்ஸ் என்ற சீழ்க் கிருமி 1982இல் ஆக்டினோமைசஸ் ஆயிற்று, 1997இல் ஆர்க்கனோபாக்டீரியம், 2011இல் ட்ரூபெரெல்லா. அணுக்களின் வேதியமைப்பையும் மரபுப் பொருளையும் ஒப்பிட்டு உறவைத் திருத்தியதன் விளைவு இது. பழைய நூலையும் புதிய நூலையும் சேர்த்துப் படிப்போர் இதை நினைவிற் கொள்ள வேண்டும்.

இத்தனை சோதனைகளும் பால் மாதிரியைப் பொறுத்தவை. முதல் சில பீய்ச்சல்களைத் தனியே விட்டுவிடுங்கள். காம்பின் நுனியை ஸ்பிரிட் தோய்ந்த பஞ்சால் துடைத்து, கிருமி நீக்கிய குப்பியைச் சாய்வாகப் பிடித்துச் சிறிதளவு கறந்து, உடனே மூடிப் பனிக்கட்டியில் வைத்து அனுப்புங்கள். மருந்து ஏற்றுவதற்கு முன்னரே இதைச் செய்யவேண்டும். ஏற்றிய பிறகு எடுத்த பாலில் கிருமி இருந்தும் வளராமற் போகலாம்.