ஊர்ச் சட்டத்தரணி நொரிசும் ஓர் அணைக்கட்டும்

கல்லோயாத் திட்டத்தை எமது வாசகர்களில் மூத்தவர்கள் நன்கு அறிவர். அதனை நடத்துவதற்கு 1949 இல் அமைக்கப்பட்ட அபிவிருத்திச் சபைக்கு முன்மாதிரியாக இருந்தது ஐக்கிய அமெரிக்காவின் ரெனசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபை. அந்த அதிகாரசபை உருவாகப் பல ஆண்டுகள் போராடியவர் ஜோர்ஜ் நொரிஸ் என்னும் நாட்டுப்புறச் சட்டத்தரணி. காணி, கடன், அணைக்கட்டு, இடப்பெயர்வு எல்லாம் இவருடைய வரலாற்றில் ஒன்றாக வருகின்றன.

நொரிஸ் 1861 இல் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு கமக்காரக் குடும்பத்தில் பிறந்தார். மூன்று வயதில் தந்தையை இழந்தார். தாயார்தான் கமத்தையும் பிள்ளைகளையும் பார்த்தார். சட்டம் படித்து முடித்த நொரிஸ் 1885 இல் மேற்கே நெபிராஸ்கா மாநிலத்துக்குச் சென்று, ஒரு சிற்றூரில் வழக்குப் பேசத் தொடங்கினார். புகையிரதக் கம்பனியின் வழக்குகளையும் அவர் பேசியதுண்டு. தொடக்கத்திலேயே ஏழைகளின் காவலனாக அவர் இருந்தார் என்று நாம் எழுதினால் அது பொய்யாகும்.

அவரை மாற்றியது 1890 களின் வரட்சி என்றே எண்ணுகிறோம். சோளம் கருகியது; விளைந்ததற்கும் விலை இல்லை. காணியை ஈடு வைத்த கமக்காரர் வட்டி கட்ட முடியாமல் நீதிமன்றம் ஏறினர். 1895 இல் நொரிஸ் மாவட்ட நீதிபதியாகத் தெரிவானார். ஈட்டுக் காணி ஏலத்தில் போனாலும், நீதிபதி உறுதிப்படுத்தும்வரை விற்பனை முற்றுப்பெறாது. நேர்மையாகப் பாடுபடுகிறார், அடுத்த போகத்தில் கட்டக்கூடியவர் என்று கண்டால், நொரிஸ் அந்த உறுதிப்படுத்தலைத் தள்ளிப்போட்டார். கடனை அவர் அழிக்கவில்லை. அவர் கொடுத்தது தவணை மட்டுமே. ஆனால் ஒரு போகத்துத் தவணை ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிது என்பதை எம்மவர்க்கு விளக்கத் தேவையில்லை.

1903 இல் பிரதிநிதிகள் சபைக்கும் 1913 இல் செனற் சபைக்கும் சென்ற அவர், 1943 வரை அங்கு இருந்தார். 1917 இல் உலக யுத்தத்தில் அமெரிக்கா இறங்குவதை எதிர்த்து வாக்களித்த செனற்றர்கள் ஆறு பேரே. அவர்களில் இவரும் ஒருவர். அக்காலத்தில் பட்டணங்களில் மின்விளக்கு எரிந்தது. கமங்களில் மண்ணெண்ணெய் விளக்குத்தான். சிதறிக் கிடக்கும் வீடுகளுக்குக் கம்பி இழுத்தால் இலாபமில்லை என்று கம்பனிகள் கைவிட்டன. ஆற்று நீரில் பிறக்கும் மின்சாரம் பொதுமக்களுக்கே சேரவேண்டும் என்று நொரிஸ் கொண்டுவந்த சட்டமூலங்களை 1928 இல் ஜனாதிபதி கூலிஜும் 1931 இல் ஜனாதிபதி ஹூவரும் தடுத்தனர். 1933 இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ற் ஒப்பமிட, ரெனசி அதிகாரசபை பிறந்தது. 1936 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கிராமங்களுக்கு மின்கம்பி இழுக்கக் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் வழங்கியது. அதிலும் நொரிசின் கை இருந்தது.

இனித்தான் கசப்பான பகுதி. அதிகாரசபையின் முதல் அணைக்கட்டு 1936 இல் கிளிஞ்ச் ஆற்றில் கட்டி முடிந்தது. அதற்கு நொரிசின் பெயரையே வைத்தார்கள். அதற்காக ஏறத்தாழ 2,900 குடும்பங்கள் எழும்ப நேர்ந்தது. லொயிஸ்ரன் என்ற ஊர் முழுவதும் நீருக்குள் போனது. காணிக்காரருக்கு நட்டஈடு கிடைத்தது. ஆனால் விலையை அதிகாரசபையே குறித்தது, பேரம் இல்லை. மறுத்தால் காணி சட்டப்படி சுவீகரிக்கப்படும். குத்தகைக்கும் வாரத்துக்கும் செய்தவர்களிடம் உறுதி இல்லை. ஆகவே அவர்களுக்கு நட்டஈடும் இல்லை. ஆலோசனை சொல்ல அலுவலர் வந்தனர், அவ்வளவுதான். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கல்லறைகள் அதிகாரசபையின் பொறுப்பில் வேறிடம் மாற்றப்பட்டன. உயிரோடிருந்த வாரக்குடிகளோ தம் வழியைத் தாமே தேடிக்கொண்டனர்.

நொரிஸ் இதனைத் தீய எண்ணத்தோடு செய்தாரென நாம் கூறவில்லை. காணிக்கு உரித்தாளர் யார் என்று அந்தச் சட்டம் கேட்டது. அதில் யார் குடியிருந்து உழுதார் என்று கேட்கவில்லை. ஈட்டு வழக்கில் கமக்காரனின் முகம் பார்த்த அந்த நீதிபதி, தலைநகரில் இருந்து சட்டம் எழுதியபோது இந்த முகங்களைக் கண்டிருக்க மாட்டார்.

1942 தேர்தலில் தோற்று ஊர் திரும்பிய நொரிஸ், 1944 இல் காலமானார். அரச வேலைகளுக்காக வீடிழக்கும் வாடகைக் குடிகளுக்கும் குத்தகைக் கமக்காரருக்கும் உதவி வழங்க அமெரிக்கா முழுவதற்குமான பொதுச் சட்டம் 1970 ஆம் ஆண்டுச் சட்டமாகவே வந்தது. லொயிஸ்ரன் மூழ்கி அப்போது முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.