உத்தி பிரிக்கும் நேரம்

ஏறத்தாழ ஒரே மாதிரி ஆடும் இரண்டு பேர் தோளில் கை போட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் நடக்கிறார்கள். காதோடு காதாகப் பேசி ஆளுக்கொரு பேர் வைத்துக்கொள்கிறார்கள். திரும்பி வந்து, காத்திருக்கும் தலைவர்களிடம் கேட்கிறார்கள்: "ரோஜா வேணுமா, மல்லி வேணுமா?" மல்லியைக் கேட்ட தலைவன் பக்கம் மல்லி போகிறான். ரோஜா எதிரணிக்கு. இப்படியே ஜோடி ஜோடியாக வந்து உத்தி, அதாவது அணி, பிரிந்ததும் கபடி தொடங்குகிறது.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் வளர்ந்த பெரியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் நின்று யோசித்தால் வியப்பு வரும். யார் நன்றாக ஆடுவார், யார் சுமார் என்று பிள்ளைகளே எடைபோட்டுத்தான் ஜோடி சேர்கிறார்கள். "என்னை யாரும் கூப்பிடலையே" என்று ஒரு பிள்ளை கடைசிவரை கூனிக்குறுகி நிற்கும் நிலை இங்கே இல்லை. உயிர் நண்பன் எதிரணிக்குப் போனாலும் ஆடித்தான் ஆக வேண்டும். எந்த வாத்தியாரும் சொல்லிக் கொடுக்காத பாடம் இது.

இந்தப் பாடம் ஒருமுறை மொத்தமாக நின்றுபோனது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், 1 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை வகுப்பறையையே பார்க்காமல் இரண்டாம் வகுப்புக்குப் போனது. பள்ளி திறப்பதற்கு ஐந்து நாள் முன்பு, அக்டோபர் 27 அன்று, மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதலில் 12 மாவட்டங்கள். விழுப்புரமும் அதில் ஒன்று. மாலை 5 மணியிலிருந்து 7 மணிக்குள் ஒன்று, ஒன்றரை மணி நேரம் வகுப்பு. ஒரு தன்னார்வலருக்கு 20 பிள்ளைகள் வரை. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை.

கற்றல் இடைவெளியைக் குறைப்பதுதான் திட்டத்தின் நோக்கம். ஆனால் அதற்குக் கையில் எடுத்தவை கதை, பாட்டு, விளையாட்டு. இழந்தது எழுத்தும் கணக்கும் மட்டுமல்ல. வரிசையில் தன் முறை வரும்வரை காத்திருப்பது, தோற்றால் அழாமல் நிற்பது, பேச்சு முடியும்வரை கேட்பது எல்லாமே அந்த மாதங்களில் விட்டுப்போயின. தெருவிலேயே, தெரிந்த அக்கா ஒருவர் முன்னால் வட்டமாக உட்கார்ந்து ஆடும் ஆட்டம் அவற்றை மீட்க நல்ல வழி.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே பிள்ளைகள் விதியை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று அறியவே கோலி ஆட்டத்தை ஆராய்ந்தார். தனக்கு ஆடத் தெரியாததுபோல் பிள்ளைகளிடம் போய், "எப்படி ஆடுவது?" என்று கேட்டார். சின்னப் பிள்ளைகளுக்கு விதி என்பது மாற்றவே கூடாத ஒன்று. வளர்ந்தவர்களோ, எல்லாரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்றார்கள். 1932-ல் அது புத்தகமாக வந்தது. நம் தெருவில் "அழுகுணி ஆட்டம்!" என்று கத்திவிட்டு, கோட்டை மிதித்தானா இல்லையா என்று பத்து நிமிஷம் வாதாடும் பிள்ளைகள் அந்த வளர்ச்சியைத்தான் நடத்திக் காட்டுகிறார்கள். பெரியவர் ஒருவர் விசிலோடு வந்து ஒரே நொடியில் தீர்ப்புச் சொன்னால் ஆட்டம் தொடரும். வாதாடக் கற்கும் வாய்ப்பு போய்விடும். அடிதடி இல்லாதவரை பொறுத்திருப்பதே நல்லது.

தெரு இன்னொன்றையும் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. அக்கா இடுப்பில் தூக்கிவந்த தம்பியை என்ன செய்வது? ‘ஒப்புக்குச் சப்பாணி’யாகச் சேர்த்துக்கொள்வார்கள். அவன் ஓடலாம், தொடலாம், கத்தலாம். அவுட் மட்டும் கிடையாது. உடல் குறையைச் சொல்லும் அந்தப் பெயரைக் கட்டாயம் கைவிட வேண்டும். ஏற்பாட்டைக் கைவிடக் கூடாது. கூச்சத்தில் ஓரமாக நிற்கும் பிள்ளைக்கும், ஊருக்குப் புதிதாக வந்த பிள்ளைக்கும் ஆட்டத்துக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் இல்லை. பல்லாங்குழியிலும் இந்தக் கருணை உண்டு. காய்களை இழந்தவர் வெளியே போவதில்லை, மிஞ்சிய காய்களுக்கேற்ற குழிகளை வைத்துக்கொண்டு ஆடுகிறார்.

மாலை வகுப்பு நடத்துபவர்களுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. புளியங்கொட்டை, சாக்பீஸ், கொஞ்சம் வெற்றிடம் போதும். ஆட்டம் முடிந்ததும் வட்டமாக உட்காரவைத்து இரண்டே கேள்விகள்: இன்று யாருக்கு முறை வரவே இல்லை? நாளைக்கு எந்த விதியை மாற்றலாம்?

சண்டைக்கும் பிள்ளைகளிடம் ஏற்பாடு இருக்கிறது. காய் விட்டுப் பேச்சை நிறுத்திய இரண்டு பேர் ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்கள். உத்தி பிரிக்க ஒரு ஜோடி குறைகிறது. இருட்டுவதற்குள் ஆடியாக வேண்டுமே! ஒருத்தி இவனிடம் போகிறாள், அவனிடம் போகிறாள், கையைப் பிடித்து இழுத்து வருகிறாள். இரண்டு விரல்கள் மெதுவாக நீள்கின்றன. பழம், சமாதானம். தோளில் கை போட்டுக்கொண்டு, பேர் வைக்க அவர்கள் கொஞ்ச தூரம் நடக்கிறார்கள்.