பழைய ஹெரால்டும் டிஸ்க் பிரேக்கும்

மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் வேகத்தையே பேசுவர். அவ்வேகத்தை அடக்கும் பிரேக்கினை நினைப்போர் சிலரே. பழைய வண்டிகளைப் பேணி ஓட்டும் அன்பர்கள் முன்சக்கரங்களின் பிரேக்கை மாற்றியமைக்க விரும்புவதுண்டு. அதனால் விளையும் நன்மை யாது, அதற்கு வேண்டுவன யாவை என்பவற்றை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

தாம்பரத்திற்குத் தெற்கே வண்டலூரில் ஸ்டாண்டர்டு கம்பெனியார் 1961ஆம் ஆண்டு முதல் ஹெரால்டு என்னும் சிறு வண்டியைச் செய்துவந்தனர். 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரயம்ப் ஹெரால்டே இதற்கு மூலம். அந்நாட்டு ஹெரால்டின் பிற்கால வகைகள் முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கு உடையனவாயின. நம் வண்டியோ டிரம் பிரேக்கோடே நின்றது. வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் வழியாகக் கோவளத்திற்குச் செல்லும் இந்நாளைய சாலையில், பின்னே பெரிய வண்டிகள் நெருக்க, முன்னே ஆடுமாடு குறுக்கிடப் போகும் பழைய ஹெரால்டுக்குப் பிரேக்கே உயிர்க்காவல்.

டிரம் என்பது சக்கரத்தோடு சுழலும் இரும்புக் கிண்ணம். மிதியை அழுத்துங்கால், உள்ளிருக்கும் பிறை வடிவான ஷூக்கள் விரிந்து அதன் உட்புறத்தை உராயும். சுழலும் டிரம் ஷூவைத் தன்னோடு இழுத்து இறுக்குதலால் காலுக்குச் சிறு விசையே போதும். டிஸ்க்கோ தட்டையான தகடு. காலிப்பர் என்னும் கவ்வி அதனை இருபுறமும் பேடுகளால் நெருக்கும்.

பிரேக்கின் வேலை வேகத்தை வெப்பமாக மாற்றுதலே. 1000 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிற்கும்போது பிறக்கும் வெப்பம், அரை லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. வேகம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காம். மூடிய டிரம் சூடேறி விரிந்து ஷூவைவிட்டு விலகும், உராய்வும் குன்றும். டிஸ்க் காற்றில் திறந்திருத்தலின் விரைவில் ஆறும். கார்த்திகை மழையில் டிரம்முக்குள் புகுந்த நீர் எளிதில் நீங்காது. டிஸ்க் அதனைச் சுழற்றி எறியும். 1953இல் பிரான்சு நாட்டு லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் வண்டிகள் வென்றமைக்கு டிஸ்க் பிரேக்கும் ஒரு காரணம். ஆகவே, டிஸ்க்கின் சிறப்பு அதிகப் பிடிப்பு அன்று. மீண்டும் மீண்டும் அழுத்தினும் மாறாத பிடிப்பேயாம்.

எனினும், தகட்டை மட்டும் வாங்கி மாட்டுதல் பேதைமை. காலிப்பரைத் தாங்கும் உறுப்பும், சக்கரத்தின் ஹப்பும், ரப்பர்க் குழாய்களும் ஒன்றுக்கொன்று பொருந்தல்வேண்டும். வீலின் உட்புறம் காலிப்பரில் இடியாதிருத்தல்வேண்டும். காலிப்பருக்கு எண்ணெய் மிகுதியாக வேண்டியிருத்தலின் மாஸ்டர் சிலிண்டரின் அளவையும் நோக்குதல் அவசியம். டிரம் பிரேக்குக் குழாயில் சிறிது அழுத்தம் தங்குமாறு வைக்கப்பட்ட வால்வை அப்படியே விட்டால், பேடுகள் டிஸ்க்கை ஓயாது உரசிச் சூடேற்றும். டிஸ்க்குக்குத் தன்னை இறுக்கும் இயல்பு இன்மையால் கால்விசை மிகும். சிலபோது வாக்குவம் சர்வோவும் வேண்டப்படும். பின்சக்கரங்கள் முந்தி இறுகின் வண்டி சுழன்றுவிடுமாதலால், அவற்றின் பிரேக்கையும் ஒத்திட்டு நோக்கல்வேண்டும்.

பழைய லைனிங்கில் கல்நார் இருத்தல் கூடும். அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு விளைப்பது. ஆதலின் அதனை ஊதாது நனைத்துத் துடைத்தல் நன்று. கோவளம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றால் டிஸ்க்கும் காலிப்பரின் பிஸ்டனும் துருவேறும். அங்கு வண்டியை மாதக்கணக்காக நிறுத்திவைத்தல் தீது. வண்டியின் அமைப்பை மாற்றுதலை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகின்றமையின், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னரே கேட்டறிதல் நலம். கழற்றிய உறுப்புகளையும் எறியாது காத்தல்வேண்டும். பிற்காலத்தார் வண்டியைப் பழைய வடிவில் காண விரும்பலாம்.

அரைகுறையாக மாற்றிய டிஸ்க்கினும் செவ்வனே பேணிய டிரம் மேலானது. பிரேக்கு ஒருவர் உடைமையாயினும் அதன் பயன் ஒருவர்க்கே உரியதன்று; சாலையைக் கடக்கும் சிறுவர்க்கும் முதியோர்க்கும் அதுவே காவல். இதனை உள்ளத்திருத்தி மாற்றம் செய்வோர் வண்டியையும் காப்பர், வழிச்செல்வோரையும் காப்பர்.