தாயின் மனநலமும் மழலையின் வளர்ச்சியும்: ஓமலூர் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வருவாய் குறைந்த நாடுகளில் குழந்தையின் எடைக்குறைவும் உயரக்குறைவும் உணவுப் பற்றாக்குறையால் மட்டும் நேர்வன அல்ல. தாயின் மனச்சோர்வும் அவற்றோடு தொடர்புடையது என்பதைக் கடந்த இருபதாண்டு ஆய்வுகள் காட்டுகின்றன. இத்தொடர்பு பெண்மகவு குறித்த மனப்பான்மையோடு பிணைந்துள்ளதை ஓமலூர் வட்டாரப் பின்னணியில் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: மனச்சோர்வு, எடைக்குறைவு, பெண்மகவு, அங்கன்வாடி, ஓமலூர்.

முன்னுரை

சேலத்திலிருந்து தருமபுரி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது ஓமலூர். மானாவாரி நிலமும் மரவள்ளிச் சாகுபடியும் தாரமங்கலம் பக்கத்து விசைத்தறிகளும் இவ்வட்டாரத்தின் பிழைப்பு ஆதாரங்கள். நலத்துறை வரலாற்றில் சேலம் மாவட்டத்திற்கு வேறொரு காரணத்தாலும் இடமுண்டு. பெண்சிசுக் கொலையைத் தடுக்கும் நோக்கில் 1992ஆம் ஆண்டு தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை இம்மாவட்டத்தில்தான் தொடங்கியது. 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்குட்பட்டோரில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இங்கு இருந்தனர்; மாநில அளவு 942. அடுத்த கணக்கெடுப்பில் இவ்வெண் 900ஐத் தாண்டியது. எண் உயர்ந்தது நற்செய்தியே. ஆயினும், உயிர் பிழைத்த பெண்மகவைப் பெற்ற தாய் அவ்வீட்டில் எப்படி நடத்தப்பட்டாள் என்பதை எந்தக் கணக்கெடுப்பும் கேட்பதில்லை.

எடை அட்டையில் இல்லாத கட்டம்

குழந்தையை மாதந்தோறும் எடைபோட்டு வளைகோடு வரையும் முறை தமிழகத்திற்குப் பழகியதே. உலக வங்கியின் உதவியுடன் 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், எடை ஏறாத குழந்தையை இனங்கண்டு கூடுதல் உணவளிப்பதையே தன் அடிப்படையாகக் கொண்டிருந்தது. அதன் பயனும் பிற்கால அங்கன்வாடிப் பணியின் பயனும் மறுக்கவியலாதவை. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர் இந்திய அளவில் 35.5 விழுக்காடு, தமிழகத்தில் 25 விழுக்காடு. எனினும், மகப்பேறுகள் ஏறத்தாழ அனைத்தும் மருத்துவமனையிலேயே நிகழும் மாநிலத்தில் நான்கில் ஒரு குழந்தை வளர்ச்சி குன்றியிருப்பது விளக்கம் வேண்டும் செய்தி.

வளைகோடு இறங்கினால் தாய்க்கு அறிவுரை கிடைக்கிறது: சத்துமாவு கொடு, கீரை மசித்து ஊட்டு, கைகழுவு. இவை சரியான அறிவுரைகள். ஆனால் அவற்றைச் செய்வதற்கு வேண்டிய மனத்தெம்பு தாய்க்கு இருக்கிறதா என்று கேட்க அட்டையில் கட்டம் இல்லை. இதனால், அறிவுரை பல வேளைகளில் குற்றச்சாட்டாகவே அவள் காதில் விழுகிறது.

கணியம்பாடி ஆய்வுகள்

தமிழகக் கிராமப்புறத்தில் இவ்வினாவை நேரடியாக எழுப்பியவை வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் நிகழ்த்திய ஆய்வுகள். 2002இல் வெளிவந்த முதல் ஆய்வு, பெண்களைக் கர்ப்பத்தின் இறுதிக் காலத்திலும் மகப்பேற்றுக்குப் பின் 6 முதல் 12 வாரங்களுக்குள்ளும் நேர்கண்டது. அவர்களுள் 11 விழுக்காட்டினர் மகப்பேற்றுக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளாகியிருந்தனர். அதனுடன் தொடர்புடையனவாகக் கண்டறியப்பட்ட காரணிகள் கவனத்திற்குரியவை: குறைந்த வருவாய், மாமியாரோடும் பெற்றோரோடும் நிலவிய மனக்கசப்பு, உடலுழைப்பில் கைகொடுக்க ஆளின்மை, ஆண்மகவை எதிர்பார்த்திருந்த நிலையில் பெண்மகவு பிறத்தல்.

2004இல் வெளிவந்த இரண்டாம் ஆய்வு குழந்தையின் பக்கமிருந்து தொடங்கியது. ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையுள்ள எடைகுறைந்த குழந்தைகள் 72 பேரையும், எடை சரியாயிருந்த 72 பேரையும் எடுத்துக்கொண்டு அவர்தம் தாய்மாரை ஒப்பிட்டபோது, மகப்பேற்றுக்குப் பின் மனச்சோர்வுற்றிருந்த தாய்மார் முதற்குழுவில் மிகுந்திருந்தனர். எண்ணிக்கை சிறியது, ஆகவே தொடர்பின் வலிமையைத் துல்லியமாகக் கூறிவிட முடியாது. ஆனால் 2011இல் பதினொரு நாடுகளின் 17 ஆய்வுகளைத் தொகுத்து, ஏறத்தாழ 14 ஆயிரம் தாய்–சேய் இணைகளை ஆராய்ந்த மதிப்பீடும், மனச்சோர்வுற்ற தாய்மாரின் குழந்தைகளிடையே எடைக்குறைவுக்கும் உயரக்குறைவுக்குமான வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மிகுந்திருப்பதாகக் காட்டியது. இத்தொடர்பு எங்கும் ஒரே அளவில் இல்லை. நான்கு நாடுகளை ஒப்பிட்ட ஆய்வொன்றில் இந்தியாவிலும் வியட்நாமிலும் தெளிவாகத் தெரிந்தது, பெருவிலும் எத்தியோப்பியாவிலும் அவ்வாறு தெரியவில்லை.

தொடர்பு நிகழும் வழிகள்

மனச்சோர்வு உழைப்பைத் திருடும் நோய். குழந்தை அழுதவுடன் எழுவது, விலகிய மார்பில் மீண்டும் பொருத்துவது, துப்பிய கவளத்தை மறுபடி ஊட்டுவது, வயிற்றுப்போக்கு கண்ட அன்றே மருத்துவமனைக்குப் புறப்படுவது ஆகிய யாவும் பொறுமையையும் முனைப்பையும் வேண்டுவன. செல்வக் குடும்பத்தில் தாய் தளர்ந்தால் அவ்விடத்தை நிரப்பப் பணியாளரோ பாட்டியோ இருப்பர், நன்னீரும் இருக்கும். கூலிக் குடும்பத்தில் தாயின் கவனிப்பே குழந்தைக்கும் கிருமிக்கும் இடையே நிற்கும் ஒரே அரண். வருவாய் குறைந்த இடங்களில் இத்தொடர்பு கூர்மையாக வெளிப்படுவதற்கு இதுவே காரணம் எனலாம்.

எதிர்த்திசை விளக்கமும் உண்டு. நோஞ்சானாகப் பிறந்த குழந்தையே தாயை மனம் தளரச் செய்யலாம். வறுமை இரண்டையும் ஒருங்கே விளைவிக்கலாம். இவ்வையத்தைத் தீர்க்கக் கர்ப்பக் காலத்திலேயே தொடங்கும் ஆய்வு வேண்டும். பாகிஸ்தானின் ராவல்பிண்டிக் கிராமங்களில் நிகழ்ந்த அத்தகைய ஆய்வு (2004) 320 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்தது. அவர்களுள் பாதிப்பேர் மனச்சோர்வுற்றவர்கள். அன்னாரின் குழந்தைகள் ஆறாம் மாதத்தில் எடைகுறைந்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு. மனச்சோர்வு முந்தியது, எடைக்குறைவு பிந்தியது.

பெண்மகவு பிறந்த வீடு

கோவாவில் நிகழ்ந்த ஆய்வொன்று (2002) ஓமலூருக்கு நெருக்கமான செய்தியொன்றைத் தருகிறது. கணவனின் வன்முறை, பட்டினி ஆகியவை தாயின் மனநலத்தைத் தாக்கும் அளவு, பிறந்தது பெண்ணாயின் மிகுந்தும் ஆணாயின் தணிந்தும் காணப்பட்டது. அதாவது, ஆண்மகவு தாய்க்கு வீட்டில் ஒருவகைக் காப்பாகிறது. இரண்டாவதும் பெண்ணெனில் ஏச்சும் புறக்கணிப்பும் அவள்மேல் வந்து விழுகின்றன. தொட்டில் திட்டம் சிசுவின் உயிரைக் காக்க முற்பட்டது. அதன் நோக்கம் அவ்வளவே. ஆனால் கொலை நிகழாத வீட்டிலும் அதற்கு அடிப்படையான மனப்பான்மை நீங்கிவிடுவதில்லை. அது தாயின் தூக்கத்தையும் பசியையும் தின்கிறது. அதன்வழிக் குழந்தையின் எடையையும் தொடுகிறது. ஒரே வீட்டில் அண்ணனும் தங்கையும் வெவ்வேறு அளவில் வளர்வதை ஊட்டும் உணவின் வேறுபாட்டால் மட்டும் விளக்குவது போதாது.

மருத்துவத்தால் தீர்வதும் தீராததும்

தாயின் மனச்சோர்வைப் போக்கினால் குழந்தை எடை ஏறுமா? ராவல்பிண்டி வட்டாரத்தில் 903 தாய்மாரைக் கொண்டு நிகழ்ந்த சோதனை (2008) இதற்கு எதிர்பாராத விடை தந்தது. உள்ளூர்ச் சுகாதாரப் பெண் பணியாளர்கள் எளிய உரையாடல் முறையில் பயிற்சி பெற்று வீடுதோறும் சென்றனர். ஆறாம் மாதத்தில் மனச்சோர்வு நீடித்தோர் பயிற்சி பெற்றவர் சென்ற பகுதியில் 23 விழுக்காடு. மற்றதில் 53 விழுக்காடு. குழந்தைகளின் வயிற்றுப்போக்கு குறைந்தது. தடுப்பூசி போட்டுக்கொண்டோர் மிகுந்தனர். ஆனால் எடையிலும் உயரத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை.

இம்முடிவைச் சிலர் தோல்வியாகக் கொள்வர். அது பொருந்தாது. வறிய வீட்டுக் குழந்தையின் வளர்ச்சி பல கயிறுகளால் கட்டுண்டது; ஒன்றை அவிழ்த்தால் போதாது. மேலும், தாயின் துயரம் குழந்தையின் கிலோகிராமுக்குப் பயன்பட்டால்தான் மருத்துவத்திற்கு உரியது எனக் கருதுவது, அவளை மீண்டும் ஊட்டும் கருவியாகவே காண்பதாகும்.

வினாவும் வினவுமிடமும்

எடின்பரோ மகப்பேற்று மனச்சோர்வு அளவுகோல் 1987இல் உருவானது. பத்து வினாக்கள் கொண்டது. தமிழ் வடிவிலும் சோதிக்கப்பட்டுள்ளது. மகப்பேற்றுக்குப் பின் அசதியும் உடல்வலியும் இயல்பாதலின் அவற்றைத் தவிர்த்து, சென்ற ஏழு நாட்களின் மனநிலையையே அது வினவுகிறது. இங்குள்ள பெண்களோ மனத்துயரை உடலின் மொழியிலேயே உரைப்பர்: நெஞ்சு படபடக்கிறது, சோறு இறங்கவில்லை, கைகால் ஓய்கிறது. ஆகவே தாளிலுள்ள வினாவைப் படித்துக் காட்டுவது மட்டும் போதாது. இச்சொற்களுக்குப் பின்னுள்ளதைக் கேட்டறியப் பழக வேண்டும். மாமியார் அருகிருக்கையில் மாமியாரைப் பற்றிய வினாவுக்கு விடை கிடைக்காது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தடுப்பூசி அட்டவணையில் ஆறு, பத்து, பதினான்காம் வாரங்கள் இதற்கு ஏற்ற தருணங்கள். தாய் எப்படியும் வருகிறாள். ஆனால் தலைப்பிரசவம் தாய்வீட்டில் நிகழ்வதே வழக்கம். மூன்றாம் அல்லது ஐந்தாம் மாதத்தில் அவள் கணவன் வீடு திரும்புகிறாள். சிறிது காலத்தில் இணை உணவு தொடங்குகிறது. எடை வளைகோடு தடுமாறும் பருவமும் அதுவே. முதல் தடுப்பூசிகளைப் போட்ட கிராம சுகாதாரச் செவிலியர் ஓர் ஊரார். ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசியைப் போடுபவர் வேறோர் ஊரார். தாய்சேய் நல அட்டை மட்டுமே இரு ஊர்களுக்கும் பொது. பதினான்காம் வாரத்தில் தாய் கண்ணீருடன் கூறியது அவ்வட்டையில் ஒரு குறியீடாகவேனும் இடம்பெறாவிடில், ஓமலூரில் அவளைச் சந்திக்கும் செவிலியர் மீண்டும் கீரையைப் பற்றியே பேசத் தொடங்குவார்.