மின்சாரத்தில் மீட்டிய தம்புரா

சிந்தசைஸர் தமிழருக்குப் புதிய கருவியல்ல. 1986-இல் ‘புன்னகை மன்னன்’, 1992-இல் ‘ரோஜா’ என்று அதன் குரலைக் கேட்டே ஒரு தலைமுறை வளர்ந்தது. மலேசியாவின் கேமரன் மலையில், பிரிஞ்சாங்கைச் சுற்றியுள்ள தோட்ட வீடுகளிலும் மின்னல் எஃப்.எம். வழியாக அந்தப் பாடல்கள் இன்றும் ஒலிக்கின்றன. ஆனால் பாட்டுக்குப் பின்பாட்டாக நிற்காமல், அந்தக் கருவியே முழு இசையாக நிற்கும் உலகம் ஒன்று தனியாக இருக்கிறது. எலக்ட்ரானிக் என்றும் ஆம்பியன்ட் என்றும் அதைச் சொல்கிறார்கள். பெரிய கம்பெனிகளை நம்பாமல் தனியாட்கள் வீட்டு அறையில் உருவாக்கி, இணையத்தில் தாங்களே வெளியிடுகிறார்கள். நம் வானொலியில் அதற்கு இடமில்லை. தேடிப் போய்த்தான் கேட்க வேண்டும். தேடிப் போனவர்களிலும் பலர், “ஒன்றுமே நடக்கவில்லையே” என்று இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு கேட்டால், அந்த இரண்டு நிமிடத்துக்குள்ளேயே எவ்வளவோ நடப்பது காதில் விழும்.

அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மோக், இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சுடன் சேர்ந்து 1964-இல் உருவாக்கியது மோக் சிந்தசைஸர். மர அலமாரி, அதில் வரிசையாகத் திருகுகள், துளைகள், துளைக்குத் துளை மாட்டிய வயர்கள். கம்பியோ தோலோ காற்றோ கிடையாது. ஒலியின் பிறப்பிடம் ஆசிலேட்டர் என்னும் சுற்று. மின்னழுத்தத்தை ஒரே சீராக ஏற்றி இறக்குவதுதான் அதன் வேலை. நொடிக்கு 110 முறை ஏறி இறங்கினால் கனத்த ஒரு ஸ்வரம். ஏறி இறங்கும் வடிவத்தைப் பொறுத்து நாதம் மாறும். ரம்பப்பல் வடிவ அலையில் 110-உடன் 220, 330, 440 என்று எல்லா மடங்குகளும் சேர்ந்து ஒலிக்கும். சதுர அலையில் 110, 330, 550 என ஒற்றைப்படை மடங்குகள் மட்டும். முன்னது கூர்மையாகவும் பின்னது உள்ளே வெற்றிடம் உள்ளதுபோலவும் கேட்கும்.

அடுத்தது ஃபில்டர். மேல் மடங்குகளை வெட்டி எறிவது அதன் வேலை. திருகை ஏறக்குறைய முழுதும் மூடினால் அடி ஸ்வரம் மட்டும் ‘ஊ’ என்று ஒலிக்கும். மெல்லத் திறக்கத் திறக்க, அடைபட்டிருந்த மடங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வர, அதே ஸ்வரம் ‘ஆ’வை நோக்கி நகரும். ஸ்ருதி மாறவே இல்லை. மாறியது நிறம் மட்டும். ஆம்பியன்ட் இசையில் பாதி இந்த ஒரு திருகில்தான் இருக்கிறது. தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் இடையே செருகும் நூல் செய்வதும் கிட்டத்தட்ட இதைத்தான். நூலைச் சரியான இடத்துக்கு நகர்த்தினால் மேல் மடங்குகள் எழுந்து ஒவ்வொன்றாக மின்னி அடங்கும். தம்புராவை ரசிக்கத் தெரிந்த காதுக்கு ஆம்பியன்ட் அந்நியமாக இருக்க வேண்டியதில்லை.

கடைசியில் என்வலப். ஒலி எவ்வளவு வேகமாக எழ வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எப்படித் தேய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் சுற்று. சட்டென்று எழுந்து தேய்ந்தால் வீணை மீட்டியதுபோல, மெதுவாக எழுந்து நின்றால் நாயனத்தில் ஊதியதுபோல. பத்து நொடி எடுத்து எழும் ஒலியையும் வைக்கலாம்.

மோக் செய்த பெரிய காரியம், இவை அனைத்தையும் மின்னழுத்தத்தாலேயே ஆளவைத்தது. ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏறும். பன்னிரண்டில் ஒரு பங்கு வோல்ட்டுக்கு அரை ஸ்வரம். அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றாமல் வழுக்கவிட்டால் ஸ்வரமும் வழுக்கும். ஹார்மோனியத்துக்கு வராத கமகம் இந்த அலமாரிக்கு வரும். அன்றைய மோக்கில் உருவாக்கிய ஒலியைச் சேமித்துவைக்க வழி இல்லை. எந்த வயர் எந்தத் துளையில், எந்தத் திருகு எந்த அளவில் என்று தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்; வயரைப் பிடுங்கினால் அந்த ஒலி போனது போனதுதான். மிஞ்சுவது டேப்பில் பதிந்தது மட்டுமே.

அப்படி மிஞ்சிய டேப்புகளில் ஒரு கட்டு இந்தியாவில் இருந்தது. 1969-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு மோக் சிந்தசைஸர் ஒன்று வந்தது. நிறுவி, இயக்கக் கற்றுக்கொடுத்தவர் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர். அவர் அங்கே வந்த வழி எனக்கு மிகப் பிடித்தது. பக்காவாஜ் வாசித்த அகமதாபாத்துக்காரர் கீதா சாராபாய் 1946-இல் நியூயார்க் சென்றபோது, அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்து, பதிலுக்கு மேற்கத்திய இசையைக் கற்றார். இசை மனத்தை அமைதிப்படுத்துவதற்கே என்ற தம் குருவின் பாடத்தையும் கேஜுக்குச் சொன்னார். அந்த நினைப்பு கேஜை விட்டு நீங்கவில்லை. 1952-இல் ஒரு ஸ்வரமும் வாசிக்காத ‘4’33”’ என்ற படைப்பை கேஜ் உருவாக்கியபோது, மேடையில் பியானோ முன் உட்கார்ந்திருந்தவர் இதே டியூடர். அகமதாபாத்திலிருந்து புறப்பட்ட ஒன்று, 23 ஆண்டுகள் கழித்து மின்சாரக் கருவியோடு அகமதாபாத்துக்கே திரும்பி வந்திருக்கிறது.

1972 வரை அந்த ஸ்டூடியோ இயங்கியது. கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், எஸ்.சி. சர்மா, அதுல் தேசாய், ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் வேலை செய்தார்கள். பிறகு டேப்புகள் காப்பகத்தில் கிடந்தன. பிரிட்டிஷ் இசைக்கலைஞர் பால் பர்காஸ் அவற்றைத் தேடிக் கண்டெடுத்தார். 2020-இல் பிபிசி வானொலியில் அதைப் பற்றி நிகழ்ச்சி செய்தார். 2023-இல் ‘தி என்ஐடி டேப்ஸ்’ என்ற தொகுப்பாக வெளிவந்தது. மாத்தூரின் ஒரு பதிவுக்கே ‘ஒருகாலத்தில் தம்புரா வாசித்தேன்’ என்ற பொருளில்தான் தலைப்பு. சர்மாவின் ‘டான்ஸ் மியூசிக்’ பதிவுகள், டெக்னோ என்ற பெயரே பிறக்காத காலத்தில் டெக்னோ மாதிரி துடிக்கின்றன. இவற்றைக் கேட்கும்போது எனக்கு மகிழ்ச்சியும் ஆதங்கமும் ஒன்றாக வருகின்றன. அரை நூற்றாண்டு இது நம்மவர் காதில் விழாமல் போயிற்றே!

இப்போது பிரிஞ்சாங்கில் இருக்கும் எவரும் இந்தத் தொகுப்பை ஒரு நிமிடத்தில் கேட்டுவிடலாம். ஆனால் ஸ்ட்ரீமிங் செயலி தானாகக் கொண்டுவந்து தராது. ஏற்கெனவே கேட்டதன் சாயலில் உள்ளதையே அது திரும்பத் திரும்ப நீட்டும். 2008-இல் தொடங்கிய பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் தேடும் முறையே வேறு. ஒவ்வோர் ஆல்பத்தின் பக்கத்திலும் அதை வாங்கியவர்களின் சிறு படங்கள் வரிசையாக இருக்கும். ஒன்றைத் தொட்டால் அந்த மனிதர் இதுவரை வாங்கிய எல்லாமே விரியும். நமக்குப் பிடித்த அபூர்வமான ஒன்றை வாங்கிய அந்நியர் ஒருவரின் அலமாரியைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. ஆல்பத்தின் அடியில் உள்ள நன்றிக் குறிப்பையும் வெளியீட்டாளர் பெயரையும் விடக் கூடாது; ஒலியை மாஸ்டர் செய்தவர் பெயரைப் பிடித்துக்கொண்டு போனாலே பத்து நல்ல பதிவுகள் அகப்படும். டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுப்பது வழக்கமாக 15 சதவீதம். 2020 மார்ச் முதல் குறிப்பிட்ட சில வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறது. வாங்குவதென்றால் அன்று வாங்குங்கள்.

தொலைதூரம் போக வேண்டியதும் இல்லை. கோலாலம்பூரில் யூசெங் செட்டோ என்பவர் ‘ஃப்ளிக்கா’ என்ற பெயரில் செய்த பியானோவும் மின்னொலியும் கலந்த இசை, தொடங்குகிறவர்களுக்கு மிகப் பொருத்தம். அதற்குப் பிறகு பிரிட்டிஷ் இசைக்கலைஞர் பிரையன் ஈனோவின் 1978 ஆல்பம் ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’. வெவ்வேறு நீளத்தில் வெட்டிய டேப் துண்டுகளை வளையமாக ஒட்டி ஓடவிட்டார். ஒன்று 23 நொடிச் சொச்சத்தில் சுற்றிவரும், இன்னொன்று 25, மற்றொன்று 29 நொடிச் சொச்சத்தில். ஆகவே ஒரு முறை சேர்ந்து ஒலித்த ஸ்வரங்கள் மறுபடி அதே மாதிரி சேர நெடுநேரமாகும். கைப்பேசி ஸ்பீக்கரில் இதைக் கேட்காதீர்கள். அடி ஸ்வரங்கள் அதில் வரவே வராது. சாதாரண ஹெட்ஃபோனே போதும்.

கேட்டது பிடித்துவிட்டால், அந்த மர அலமாரி போன்ற ஒன்றை நீங்களே இயக்கிப் பார்க்கலாம். விசிவி ராக் என்ற மென்பொருள் 2017 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. மோக்கில் இருந்ததுபோன்ற துளைகளும் வயர்களும் மடிக்கணினித் திரையில் வரும். இரண்டு ஆசிலேட்டரை எடுத்து, ஒன்றை 110-இலும் மற்றதை 110.5-இலும் வையுங்கள். அரை ஹெர்ட்ஸ் வித்தியாசத்தால் இரண்டு நொடிக்கு ஒருமுறை ஒலி தானே பொங்கி அடங்கும். தம்புராவின் இரண்டு சாரணித் தந்திகளும் ஒரு மயிரிழை விலகினால் நிகழ்வதும் இதுவே. இரண்டையும் ஃபில்டருக்குள் விட்டு, மூன்றாவது ஆசிலேட்டர் ஒன்றை இருபது நொடிக்கு ஒரு சுற்று என மிக மெதுவாக ஓடவைத்து, அதன் வயரை ஃபில்டரின் திருகை ஆளும் துளையில் மாட்டுங்கள். பிறகு சுங்கை பாலாஸ் பக்கம் போகும்போது, தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாடவைக்கும் விசிறிகளின் ரீங்காரத்தைக் கைப்பேசியில் பதிந்து வந்து, அதையும் அதே ஃபில்டருக்குள் கொடுத்துப் பாருங்கள்.